கொட்டாஞ்சேனைப் பங்கேற்பாளர்

1

என் மகள் அனிட்டா என்னைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்று நான் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“அம்மா, சனிக்கிழமை பின்னேரம் ஃப்ரீயா இருப்பீங்களா? உங்களை ஒரு இன்டர்வியூ எடுக்கணும்.”

“என்னை எதுக்கு ஏட்டி? நான் என்ன மந்திரியா?”

“மந்திரிமாரை ஆரு கேட்டா? எனக்கு உங்களை மாதிரி ஆக்கள்தான் வேணும்.”

அவள் பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு. அரசறிவியல் சிறப்புப் பட்டம். நம் ஊரில் அரசியல் அறிவியல் என்போமே, அதேதான். இறுதி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். இவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, இந்தியாவிலிருந்து கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்து குடியுரிமை மாற்றாமலே வாழ்கிற பெண்கள். அவர்கள் தங்களை எந்த நாட்டுக்காரர்களாக நினைக்கிறார்கள், இந்த ஊரைத் தங்கள் ஊராக உணர்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். கொழும்பிலேயே வெள்ளவத்தையில் சிலர், நாங்கள் இருக்கிற கொட்டாஞ்சேனையில் சிலர். கொட்டாஞ்சேனையில் அகப்பட்டவர்களில் ஒருத்தி அவளைப் பெற்றவள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. தூத்துக்குடிக்காரி. மாப்பிள்ளை கொழும்பு, துறைமுகத்துச் சரக்கு விடுவிப்பு வேலை, நம்ம மாதாவைக் கும்பிடுகிற குடும்பம் என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள். வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவளைத்தான் நம் ஊரில் வெளிநாட்டுக்காரி என்பார்கள். கொழும்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விமானத்தில் கொடுக்கிற கடலையைத் தின்று முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள், அதுவும் ஒரு வெளிநாடா? தூரத்தில் இருக்கிறவளுக்குப் “பாவம்” என்ற ஒரு சொல்லாவது கிடைக்கும். எனக்குக் கிடைப்பதெல்லாம் “பக்கத்துலதான இருக்கா” என்பதுதான்.

பக்கத்தில்தான் இருக்கிறேன். அதனாலேயே யாரும் வந்து பார்ப்பதில்லை.

2

அரசியல் அறிவியல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. நானும் அதே பாடத்தில்தான் பட்டம் வாங்கினேன். ஆசைப்பட்டு எடுத்தேன் என்று சொன்னால் பொய். வணிகவியலுக்கு மதிப்பெண் போதவில்லை, வரலாற்றில் இடமில்லை, மிச்சமிருந்தது இது. “பாலிடிக்ஸ் படிச்சு எந்தத் தொகுதியில நிக்கப் போற?” என்று பெரியப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். முதல் வருடம் எனக்கும் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வருடத்தில் எப்படியோ பிடித்துப்போனது. ஒரு நாட்டுக்கு என்னென்ன வேண்டும், மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை என்று பேராசிரியை சொல்லிக் கொடுத்தபோது, வீட்டையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இறையாண்மை முழுக்க அப்பாவிடம் இருந்தது. மேலே படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த மாதத்தில்தான் கொழும்பு மாப்பிள்ளை வந்தார்.

அனிட்டா உயர்தரப் பரீட்சைக்கு, நம் ஊர் ப்ளஸ் டூ மாதிரி, இந்தப் பாடத்தை எடுத்தபோது என் கணவர் அன்டனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கொழும்பில் பிள்ளை கெட்டிக்காரி என்றால் கணக்கியல் படிக்க வேண்டும். அதுதான் இங்கே எழுதாத சட்டம்.

“அரசியல் படிச்ச ஒருத்தனும் இந்த நாட்டில அரசியல்ல இல்ல. அரசியல்ல இருக்கிற ஒருத்தனும் படிக்கல்ல. உனக்கு என்னத்துக்கு இது?” என்றார்.

“அதைத்தான் டாடி படிக்கப் போறேன், ஏன் அப்பிடி எண்டு” என்றாள் இவள்.

அந்த இரண்டு வருடங்கள்தான் கொழும்பில் நான் சந்தோஷமாக இருந்த காலம். அவள் தமிழில் படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்காருவோம். அவள் வாசிப்பாள், நான் கேள்வி கேட்பேன். நான் “இறையாண்மை” என்றால் அவள் “இறைமை” என்பாள். நான் மாநிலம் என்றால் அவள் மாகாணம் என்பாள். இரண்டு நாட்டு அரசியலமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிப்போம். வேலை முடிந்து வந்த அன்டன், “என்ன, இண்டைக்கும் இந்தியா – ஸ்ரீலங்கா மேட்ச்சா?” என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொள்வார்.

பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம் ஆனது. முதல் ஆண்டில் ஒன்றிரண்டு தடவை என்னிடம் கேட்டாள். நான் எங்கள் காலத்து விளக்கத்தைச் சொன்னேன். “அது பழைய தியரியம்மா” என்றாள், மரியாதையாகத்தான். பிறகு கேட்கவில்லை. அறைக் கதவு மூடியிருக்கும், உள்ளே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தோழிகளோடு விவாதம் நடக்கும். எனக்கும் அதில் சொல்ல ஒன்றிரண்டு இருந்தது. தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

3

வருடத்துக்கு ஒரு தடவை என் வசிப்பு விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அன்டன் லீவு போட்டுக்கொண்டு கூட வருவார். புருஷன் நேரில் வந்து இவள் என் பெண்சாதிதான் என்று கையெழுத்துப் போட்டால்தான் என் இருப்புக்கு இன்னொரு வருடம் கிடைக்கும். இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்தான். எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன். அம்மா போன பிறகும் மனசு வரவில்லை.

போன தடவை குடிவரவு அலுவலக வாசலில் நின்ற காவலாளி என் சேலையையும் பொட்டையும் பார்த்துவிட்டு, “அம்மே, அந்தப் பக்கம்” என்று உள்ளூர்க்காரர்கள் பாஸ்போர்ட் எடுக்கிற வரிசைக்கு அனுப்பிவிட்டார். அங்கே வெகு நேரம் நின்றேன். தப்பான வரிசை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் நின்றேன். முன்னால் நின்ற முஸ்லிம் அம்மா, கத்தாருக்குப் போகிற மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஹட்டன் பக்கத்து இளம்பெண் ஒருத்தி என்னிடம் பேனா கேட்டாள். “நீங்களும் வெளிய போறீங்களா அக்கா?” என்று விசாரித்தாள். அன்டன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரைக்கும் நான் இந்த நாட்டுக்காரியாக இருந்தேன். சரியான இடத்தில், காலெல்லாம் பச்சை குத்திய வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபோதுதான் கூச்சமாக இருந்தது.

அங்கே ஒரு நன்மை உண்டு. அதிகாரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். “மரிய செல்வி சூசை.” சிங்கள ராகத்தில் வந்தாலும் அது என் பெயர். கொட்டாஞ்சேனையில் நான் அன்டனின் வைஃப், அனிட்டாவின் அம்மா, கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தியா ஆன்ட்டி. அன்டன் “இந்தா பாரு” என்பார். ஊருக்குப் போனால் சிலோன்காரி. செல்வி என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள்.

அனிட்டா முதல் தடவை வாக்குப் போட்டுவிட்டு வந்த நாளில் சின்ன விரலைத் தூக்கிக் காட்டினாள். மை காயாமல் இருந்தது. நான் இரண்டு நாட்டிலும் வாக்குப் போடாதவள். ஊரில் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. வாக்குரிமையைப் பற்றிப் பதினைந்து மதிப்பெண்ணுக்குக் கட்டுரை எழுதத் தெரிந்தவள் நான். அவளுக்கு முட்டைப் பொரியல் செய்து கொடுத்தேன்.

4

சனிக்கிழமை வந்தது. அன்டன் ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றத்தில் இருந்தார், சனிக்கிழமையும் அவருக்கு வேலை. நான் குளித்து, நல்ல சேலை ஒன்று கட்டி, பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் மேசையில் வைத்தேன். அனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது.

“அம்மா, சும்மா இருக்கிற மாதிரி இருங்க. நான் என்ன பெண் பார்க்கவா வந்திருக்கேன்?”

பிறகு ஒரு தாளை நீட்டினாள். என் சம்மதத்துடன்தான் பேசுகிறேன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், பெயர் வெளியே வராது என்று அதில் இருந்தது.

“பெத்த மகளுக்குக் கையெழுத்தா?”

“ரூல்ஸ் அம்மா. எங்கட மிஸ் முதல்ல அம்மாவை எடுக்க வேணாம் எண்டுதான் சொன்னா. தெரிஞ்ச ஆளெண்டா நாங்களே பதிலை நினைச்சுக்கொள்ளுவோமாம். பிறகு, கவனமா செய் எண்டு விட்டுட்டா.”

கைபேசியை எங்கள் நடுவில் வைத்துப் பதிவை அழுத்தினாள். அவளுடைய முகம் மாறியது. நிமிர்ந்து உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, எனக்கு அது பிடித்திருந்தது. எத்தனையோ வருடமாக இந்தப் பிள்ளை என் பக்கம் இப்படித் திரும்பி உட்கார்ந்ததில்லை. நீங்கள் என்ன படித்தீர்கள், என்ன ஆக விரும்பினீர்கள், கப்பலா விமானமா, வந்த முதல் நாள் என்ன சமைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். மாமியார் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த மாசிச் சம்பலைக் கருவாட்டுப் பொடி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்த கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

கடைசியில் கேட்டாள். “இங்க உங்களுக்குத் தனிமையா இருந்திருக்கா?”

வாய் தானாகவே பதில் சொல்லிவிட்டது. “சே, அதெல்லாம் இல்ல. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுதாங்க. நான் நல்லா இருக்கேன்.”

கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா ஊர் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிடுவாள். மாமியார் பக்கத்தில் நிற்பார். நான் இதையே சொல்வேன். மாமியார் இல்லாத நாளிலும் இதையே சொன்னேன். புகுந்த வீட்டில் இருந்துகொண்டு வேறு பதில் சொல்ல நம் பக்கத்துப் பெண்கள் யாருக்கும் பழக்கமில்லை. சொன்னால் கேட்கிறவளுக்கும் தூக்கம் போய்விடும்.

“அயலோட எப்படி?” என்று கேட்டாள்.

“இந்தத் தெருவுல ஒரு செத்தவீட்டையும் நான் விட்டதில்ல. தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, எல்லா வீட்டுக்கும் போவேன். அது உனக்கே தெரியும்.”

“ஓம், தெரியும்” என்று தலையாட்டிக்கொண்டே பதிவை நிறுத்தினாள். “தேங்க்ஸ் அம்மா. சூப்பரா கதைச்சீங்க.”

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிஸ்கட் அப்படியே இருந்தது.

5

அடுத்த வாரம் வெள்ளவத்தையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். கும்பகோணத்துக்காரராம், என் வயதுதான் இருக்கும். கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் நாலாம் மாடி. கணவர் கப்பலில், மகன் மெல்பேர்னில். பேட்டி தொடங்கிய சற்று நேரத்திலேயே அழுதுவிட்டாராம்.

“அம்மா, அந்த ஆன்ட்டி என்ன செய்வா தெரியுமா? கோல் ரோட்டுச் சேலைக் கடைக்குப் போய், வாங்கிற எண்ணமே இல்லாம நாலு சேலையை விரிக்கச் சொல்லுவாவாம். கடைப் பிள்ளைகள் ‘இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கும் அக்கா’ எண்டு கதைக்கிறதைக் கேக்கிறதுக்கு. பிறகு, நாளைக்கு வாறேன் எண்டு சொல்லிட்டு வந்திருவாவாம்.” அனிட்டாவின் கண் கலங்கியது. “பாவம் அம்மா. எனக்கு ரெக்கோர்டரை நிப்பாட்டிட்டு அவவைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்திச்சு.”

“பிடிச்சியா?”

“ஓம். பிடிச்சேன்.”

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். முன்பின் தெரியாத அந்தக் கும்பகோணத்துக்காரியின் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. அவரிடம் கடல் தெரிகிற சன்னல் இருப்பதற்காக இல்லை. என் மகள் அவருக்காக அழுதாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி அவருக்குப் போன் செய்தாள். ஒரு தடவை நான் செய்த முறுக்கையே ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். “நல்ல முறுக்காம் அம்மா, செய்தவங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா” என்று திரும்பி வந்து சொன்னாள்.

அந்த மாதத்திலேயே நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மேல்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. எல்லாரும் போகிற காலம். நாடு கடனில் விழுந்து பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்தே எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கிளம்பிவிட்டார்கள். ஆனால் இவள் பதில் அனுப்பாமல் இழுத்தடித்தாள். அன்டன் கேட்டால், “யோசிக்கிறேன் டாடி” என்பாள். எதை யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் உடனே ஏதாவது சிரிப்புக் கதை சொல்வேன்.

நான் இரண்டு பக்கமும் இழுபட்டேன். என் மனசில் இருப்பது ஒரே ஒரு தடவையாவது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. தெரிந்தால் அவள் போகமாட்டாள்.

6

ஆய்வைச் சமர்ப்பித்த பிறகு மாணவர்கள் அதைச் சபையில் பேசிக் காட்டுகிற ஒரு நாள் வைத்தார்கள். பெற்றோரும் வரலாம். அன்டனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. பட்டம் வாங்கிய பிறகு அரசியல் அறிவியல் வகுப்பு நடக்கிற மண்டபத்துக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். சுவரில் வண்ணம் உரிந்திருந்தது, நாற்காலியில் யாரோ காதலர்கள் பெயர் செதுக்கியிருந்தார்கள். எங்கள் கல்லூரி மாதிரியே இருந்தது.

அனிட்டா ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசினாள். எனக்குப் பெரும்பாலும் புரிந்தது. கையில் ஒரு தாளும் இல்லை. பெருமையாக இருந்தது. வெள்ளவத்தைப் பங்கேற்பாளர் சேலைக் கடைக்குப் போகிற கதையைச் சொன்னபோது எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா மூக்கை உறிஞ்சினார்.

அடுத்தது கொட்டாஞ்சேனைப் பங்கேற்பாளர். திரையில் என் வார்த்தைகள் ஆங்கிலத்தில் வந்தன. எல்லாரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், நான் நன்றாக இருக்கிறேன். அனிட்டா விளக்கினாள்: இவர் வாக்குரிமை இல்லாதவர், வருடா வருடம் விசா புதுப்பிப்பவர், ஆனாலும் இந்த ஊரில் வேர் பிடித்தவர். கோயிலும் அயலும் இவருக்குப் பலம். தெருவில் நடக்கும் எந்த மரணச் சடங்கையும் இவர் தவறவிடுவதில்லை. சட்டம் தராத குடியுரிமையை அயல் தந்திருக்கிறது. அதனால் கொட்டாஞ்சேனையில் தனிமை குறைவு.

கேள்வி நேரத்தில் அவளுடைய மேற்பார்வை விரிவுரையாளர் எழுந்தார். கண்ணாடி போட்ட, சிறிய உருவமான பெண்.

“அவர் மரியாதைக்காக அப்படிச் சொல்லவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அனிட்டா என்னைப் பார்க்கவில்லை, பங்கேற்பாளர் யாரென்று காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி.

“எனக்கு அவரை மிகவும் நன்றாகத் தெரியும்” என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

7

திரும்பும்போது கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கி மாறி ஏறினோம். வீட்டுக்கு வந்ததும் அவள் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில், பழைய நாட்களில் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, மிஸ் கேட்டாவே. நான் சொன்னது சரிதானே?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அன்றைக்கே நெதர்லாந்துக்குப் பதில் எழுதியிருப்பாள், எல்லாருக்கும் நிம்மதி. அதற்காகத்தானே இவ்வளவு நாளும் சிரிப்புக் கதை சொன்னேன். ஆனால் அவள் பதிவுக் கருவி இல்லாமல், அந்தப் பேட்டி முகமும் இல்லாமல் கேட்டாள். பயந்த முகம். சின்ன வயதில் ஜுரத்தில் பார்த்த முகம்.

“இல்ல” என்றேன்.

அவள் தோள் பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“நான் எதுக்குச் செத்தவீட்டுக்கெல்லாம் போறேன்னு நினைக்க? அங்கதான் ஏட்டி ஏன் அழுதன்னு யாரும் கேக்கமாட்டாங்க. ஒரு மூலையில உக்காந்து நல்லா அழுதுட்டு வருவேன். செத்தது யாருன்னே பாதி நேரம் எனக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கிற பொம்பள கையைப் பிடிச்சுக்கிடுவா. தேத்தண்ணி குடுப்பா. அது எனக்குப் பத்து நாளைக்குக் காணும்.”

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது, பழக்கமில்லாததால் தலையை மட்டும் தடவினேன்.

“ஏன் எனக்குச் சொல்லல்ல? நான் உங்கட மகள்தானே. எவ்வளவு கேட்டேன்!”

“நீ எழுதணும்னு கேட்ட. எழுதுறதுக்கு எது சரியோ அதைச் சொன்னேன்.”

“நான் எங்கயும் போகல்ல. இங்கயே ஒரு வேலை எடுக்கிறேன்.”

இந்தப் பதிலுக்குத்தான் இவ்வளவு நாளும் பயந்தேன். வந்தே விட்டது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சரி இரு என்று சொல்லிவிடலாமா என்று மனசு கேட்டது. மறைக்க மாட்டேன், கேட்டது.

“அனிட்டா, இங்க பாரு. நீ பொறக்கறதுக்கு முன்னாலயும் எனக்கு இது இருந்துச்சு. நீ அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கும்போதும் இருந்துச்சு. நீ போறதால வரல, இருக்கறதால போகவும் போகாது. என்னைப் பாக்கன்னு நீ தங்கிட்டா, எனக்குன்னு இருந்த தனிமை போயி நம்ம ரெண்டு பேருக்குமா அது ஆயிரும். எனக்கு மேல படிக்க ஆசை இருந்துச்சு. உங்க தாத்தா போகாதன்னு சொல்லல. கல்யாணம்னு மட்டும் சொன்னாரு. நான் உனக்குத் தெளிவாவே சொல்லுதேன். போ.”

“கதவுக்குப் பின்னால” என்ற சொல் அவளைச் சுட்டது. எனக்குத் தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அதுவும் உண்மைதான்.

அன்டன் வேலை முடிந்து வந்தபோது நாங்கள் இருவரும் அழுது ஓய்ந்து, சமைக்காமல் உட்கார்ந்திருந்தோம். “ஆரு செத்தது?” என்று பதறிக் கேட்டார். அனிட்டா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதாள். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் போய்க் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

8

அவள் போய்ச் சில மாதங்களாகின்றன. அறைக் கதவு இப்போது திறந்தே கிடக்கிறது. அன்டன் முன்பை விடக் கொஞ்சம் சீக்கிரம் வருகிறார், வந்து செய்தி பார்க்கிறார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், “இது நம்ம கொள்கலன் ஏத்தின கப்பல்” என்று என்னிடம் சொல்கிறார். என்னோடு பேச முயல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. நான் ஓம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வாரங்களில் அனிட்டா காணொளியில் சிரித்தபடியே வந்தாள். சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டாளாம். வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகளாம். அரசு, குடியுரிமை, இறைமை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பிரித்துப் போட்டுப் படிக்கிறார்களாம். “சூப்பர் அம்மா, எல்லாம் நல்லா இருக்கு” என்பாள். அன்டன் திருப்தியோடு தலையாட்டிவிட்டு எழுந்து போவார்.

போன ஞாயிறு பின்னேரப் பூசை முடிந்து வந்து அவளைக் கூப்பிட்டேன். அன்டன் ஒரு கலியாண வீட்டுக்குக் கல்கிசைக்குப் போயிருந்தார். அவள் வழக்கம்போலச் சிரித்தாள், எல்லாம் சூப்பர் என்றாள். திரையில் அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு கட்டிலும்தான் இருந்தன.

“அது சரி. இப்போ உள்ளதைச் சொல்லு” என்றேன்.

அவள் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உதடு கோணியது.

“அம்மா, இங்க எனக்கு ஒருத்தரும் இல்லம்மா. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிஞ்சா திங்கட்கிழமை வரைக்கும் நான் வாயே திறக்கிறதில்ல. என்ட பேரைச் சரியாச் சொல்ல ஒருத்தருக்கும் தெரியாது.” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக.

ஒரு தாய் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அவள் அழ அழ எனக்கு நெஞ்சு வலித்தது, அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. நான் என் அம்மாவிடம் சாகும்வரை சொல்லாததை இவள் என்னிடம் சொல்லிவிட்டாள். கவலைப்படாதே, சரியாகிவிடும், சாமியைக் கும்பிடு என்றெல்லாம் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“எனக்கும் அப்படித்தான் ஏட்டி” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பயுமா?” என்றாள்.

“இப்பயும்.”

அவள் கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் வெங்காயம் உரித்தேன். இரண்டு பேரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.